லினோலியம்: தரைக்கு விரிக்க, மிச்சத்தில் தொப்பிக்கு அச்சு வெட்ட

கடைத்தெருவில் போய் "லினோலியம் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பி.வி.சி. விரிப்புதான். மர ரேகையோ சதுரக் கட்டமோ அச்சிட்டு, சுருளாக நிற்க வைத்து, மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பிளாஸ்டிக் அது. அதற்கும் லினோலியத்துக்கும் பெயரைத் தவிர உறவில்லை. பெயர் இப்படிப் பொதுச் சொத்தானது நேற்று நடந்ததல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃப்ரெடரிக் வால்டன் 1863-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லத்தீனில் 'லினம்' என்றால் ஆளிச் செடி, 'ஓலியம்' என்றால் எண்ணெய். இரண்டையும் ஒட்டிப் பெயரும் அவரே வைத்தார். காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஸ்காட்லாந்தின் கிர்கால்டி ஊரிலிருந்த நெயர்ன் நிறுவனம் அதே சரக்கை அதே பெயரில் செய்து விற்றது. வழக்கு நடந்தது. இந்தப் பொருளைச் சொல்ல வேறு சொல்லே இல்லை, ஆகவே பெயர் எல்லோருக்கும் பொது என்று 1878-இல் தீர்ப்பானது.

இங்கே பேசப்போவது அசல் லினோலியத்தைப் பற்றி. ஓர் அறைக்கு அதை விரிப்பது எப்படி, விரித்தபின் மிஞ்சும் துண்டில் அச்சுக்கட்டை வெட்டித் துணித் தொப்பியை அலங்கரிப்பது எப்படி என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். தரையில் அது கெட்டுப்போவதற்கும் உளியின் கீழ் உடைவதற்கும் காரணம் ஒன்றுதான்: உள்ளே இருக்கும் எண்ணெய். அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உள்ளே இருப்பது

ஆளி விதை எண்ணெயைக் காற்றுப் பட வைத்தால் மெல்ல மெல்ல இறுகி ரப்பர் போலாகும். திறந்து வைத்த எண்ணெய்ப் பெயிண்ட் டப்பாவில் படரும் ஆடை அதுதான். அந்த இறுகிய எண்ணெயோடு பைன் பிசின் சேர்த்து, மரத்தூளோ தக்கைத்தூளோ, சுண்ணாம்புக்கல் மாவு, நிறமி எல்லாம் கலந்து பிசைந்து, சணல் துணிமேல் உருளைகளால் அழுத்துகிறார்கள். பிறகு உயரமான சூட்டறைகளில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் காயவைக்கிறார்கள்.

இதிலிருந்து வரும் குணங்கள் நான்கு. குளிரில் எண்ணெய் விறைத்து, மடக்கினால் விரிசல் விடும். காரம் பட்டால் எண்ணெய் சோப்பாக மாறும். சோப்பு காய்ச்சும்போது நடக்கும் அதே வேதிவினை. இருட்டில் கிடந்தால் மஞ்சள் பூக்கும், வெளிச்சம் பட்டால் தானாகவே மறையும். பசையின் ஈரம் சணலில் ஏறும்போது அகலவாட்டில் கொஞ்சம் விரியும், நீளவாட்டில் கொஞ்சம் சுருங்கும். பின்னால் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் இந்த நான்கில் ஏதோ ஒன்றைத் தொட்டே இருக்கும்.

அசலா என்று பார்க்க ஒரு துண்டைப் புரட்டுங்கள். முதுகில் சணல் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெட்டிய ஓரத்தில் நிறம் மேலிருந்து சணல்வரை ஓட வேண்டும், பி.வி.சி.யில் படம் மேல்தோலில் மட்டும் இருக்கும். முகர்ந்தால் எண்ணெய்ப் பெயிண்ட் வாசம் வரும். இன்னும் சந்தேகமா, ஊசியைச் சூடாக்கிக் குத்துங்கள். பிளாஸ்டிக் உருகி ஊசியில் ஒட்டும், லினோலியம் உருகாமல் கருகும்.

எவ்வளவு வாங்குவது

சுருளின் அகலம் வழக்கமாக 2 மீட்டர். தடிமன் 2, 2.5, 3.2, 4 மி.மீ. என்று வரும். வீட்டுக்கு 2.5 போதும். ஆளும் பொருளும் ஓயாமல் நகரும் இடத்துக்கு 3.2. வெறும் 2 மி.மீ. மலிவு என்று எடுத்தால் தரையின் ஒவ்வொரு மணலையும் அது காட்டிக்கொடுக்கும். அதோடு பின்னால் அச்சு வெட்டவும் ஆழம் போதாது.

3.6 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 17.28 சதுர மீட்டர். நீளவாட்டில் போட்டால் இரண்டு விரிப்பு. இரு முனையிலும் 5 செ.மீ. கூடுதல் விட்டு ஒவ்வொன்றும் 4.9 மீட்டர், ஆக 9.8. பத்து மீட்டராக வாங்குங்கள். அகலவாட்டில் போட்டாலோ மூன்று விரிப்பு, ஒவ்வொன்றும் 3.7 மீட்டர், மொத்தம் 11.1, இணைப்பும் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். ஆகவே எப்போதும் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளவாட்டில் போடும்போது இரண்டாவது விரிப்பின் ஓரத்தில் ஏறக்குறைய 35 செ.மீ. அகலத்தில் முழுநீளப் பட்டை ஒன்று மிஞ்சும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தொப்பி வேலைக்கு அதுதான் முதலீடு.

பசை சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிராம் பிடிக்கும். இந்த அறைக்கு 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. லினோலியத்துக்கென்று குறிப்பிட்ட நீர்ப்பசையாக இருக்கட்டும்; பி.வி.சி. பசையில் இரண்டுக்கும் ஆகும் என்று எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம். இணைப்பை அடைக்க 4 மி.மீ. உருகுகம்பி 5.5 மீட்டர்.

கருவிகள்: வளைந்த கொக்கி அலகுள்ள கத்தி, நேர் அலகுள்ள கத்தி, 2 மீட்டர் இரும்புப் பட்டி, பல் வெட்டிய பசைக் கரண்டி, மூலைமட்டம், சாயநூல், 50 கிலோ எடையுள்ள தரை உருளை. கடைசி இரண்டில் நூல் கையில் இருக்கும், உருளை வாடகைக்குத்தான் கிடைக்கும். கையால் தேய்த்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது, ஏன் என்பது பசை போடும்போது விளங்கும்.

தரையைத் தயார் செய்வது

நேரம் இங்கேதான் போகும், போகட்டும்.

முதல் கேள்வி ஓதம். மண்மேல் நேரடியாகப் போட்ட, ஈரத்தடுப்பு இல்லாத பழைய தளத்தில் லினோலியம் வேண்டவே வேண்டாம். கான்கிரீட்டிலிருந்து ஏறும் ஈரம் சும்மா வராது, சிமெண்டின் காரத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அடியிலிருந்து அந்தக் காரம் எண்ணெயைத் தின்னும், சணல் மக்கும், இணைப்பு எழும்பும். முதல் சோதனையாக ஒரு மீட்டர் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் வைத்து ஒட்டி மூன்று நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். வியர்க்கவில்லை என்பதாலேயே தேர்ச்சி ஆகிவிடாது. கான்கிரீட்டின் உள்ளே சார்பு ஈரப்பதத்தை ஈரமானியால் அளந்து 75 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை உறுதி செய்யுங்கள். குளியலறையும், மழைச்சாரல் அடிக்கும் தாழ்வாரமும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல.

இரண்டாவது மட்டம். 2 மீட்டர் பட்டியை எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் மட்டக்கலவை ஊற்றித்தான் ஆக வேண்டும். டைல்ஸ், மொசைக் தரைமேல் விரிக்க நினைப்பவர்கள் டைல்ஸ் சந்துகளை மறந்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் அந்தக் கோடுகள் அப்படியே மேலே எழுந்து தெரியும். மட்டக்கலவைக்கு முன் பிரைமர் அடிக்கவும். இல்லாவிட்டால் டைல்ஸின் வழுவழுப்பில் கலவை பிடிக்காமல் பெயர்ந்து வரும். மரப்பலகைத் தரையென்றால் மேலே 6 மி.மீ. பிளைவுட் அடித்து, ஆணித்தலைகளை உள்ளே அழுத்தி, பூசி மழிக்க வேண்டும். பலகை மூச்சு விடும், லினோலியம் அதோடு சேர்ந்து ஆடும்.

ஐரோப்பாவிலோ கனடாவிலோ 1980-களுக்கு முந்தைய வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தரை விரிப்பின் முதுகிலும் கரும்பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் சுரண்டவும் தேய்க்கவும் கூடாது. அப்படியே விட்டு மேலே பிளைவுட் அடிப்பது பல நேரம் நல்ல வழி.

கடைசியாகத் துடைப்பம், பிறகு வேக்குவம், பிறகு கையால் தடவிப் பார்ப்பது. ஒரு மணல் தப்பினாலும் மேலே பரு மாதிரி நிற்கும். காலணியில் அது தேய்ந்து தேய்ந்து முதலில் வெளுப்பதும் அந்த இடம்தான்.

விரிப்பது

சுருளை நிமிர்த்தி வைத்து, வேலை செய்யும் அறையிலேயே ஒருநாள் முழுக்க விடுங்கள். அறையின் சூடு 18 டிகிரிக்குக் குறையக் கூடாது. சென்னைக்காரர்களுக்கு இது கவலையே இல்லை. டொராண்டோவில் டிசம்பரில் வண்டியிலிருந்து இறக்கிய கையோடு பிரித்தால் சுருளின் உள்வளைவு பட்டென்று விரியும். ஒருமுறை மடிப்பு விழுந்தால் அந்த வெள்ளைக்கோடு போகவே போகாது. பசையும் மெழுகும் அதை மறைப்பதில்லை.

அறையின் சுவர்களை நம்பாதீர்கள். இரு குறுக்குச் சுவர்களின் நடுப்புள்ளியிலிருந்து சாயநூல் அடித்து, அதற்கு இணையாக இணைப்பு வரும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். எங்கள் உதாரண அறையில் இணைப்பு ஒரு சுவரிலிருந்து 2 மீட்டருக்குச் சற்று உள்ளே வரும். எந்தச் சுவர் என்பது உங்கள் விருப்பம். கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து, நடைபாதைக்கு வெளியே தள்ளுங்கள்.

இரு விரிப்பையும் ஒரே திசையில் வெட்டி வையுங்கள். சுருளிலிருந்து வந்த அம்புக்குறி இரண்டிலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் பளிங்கு ரேகை ஒத்துப்போகாமல் பகலில் இரண்டு நிறமாகத் தெரியும். பிரித்ததும் தெரியும் மஞ்சளைப் பார்த்து வேறு நிறம் வந்துவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு துண்டை இரண்டு நாள் ஜன்னலோரம் வைத்தால் அசல் நிறம் வந்துவிடும்.

முதல் விரிப்பின் இணைப்பு ஓரத்தில் ஆலை ஓரத்தை 1 செ.மீ. அளவுக்கு இரும்புப் பட்டி வைத்து நேராகச் சீவிக் கோட்டில் பொருத்துங்கள். மற்ற மூன்று ஓரமும் சுவரில் சிறிது ஏறி நிற்கட்டும். இனி விரிப்பின் பாதியைப் பின்னால் மடித்துவிடுங்கள். மடிப்பில் கூர்மை வரக்கூடாது, பெரிய குழாய் போல உருண்டு நிற்க வேண்டும்.

திறந்த தரையில் பல் கரண்டியால் பசையை இழுங்கள். கரண்டியின் பல் சிமெண்டில் தேயும்; பாதி அறை முடிந்ததும் பல்லைப் பார்த்து, மழுங்கியிருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அறையின் பிற்பாதிக்குப் பசை பாதிதான் விழும். இந்த இடத்தில் பி.வி.சி. பழக்கத்தை மறக்க வேண்டும். அங்கே பசை சற்றுக் காய்ந்து, தொட்டால் இழுபடும் பதம் வரும்வரை காத்திருப்பார்கள். லினோலியத்துக்குப் பசை ஈரமாகவே இருக்க வேண்டும், பத்து நிமிடத்துக்குள் விரிப்பு கீழே இறங்க வேண்டும். சணலின் நெசவுக்குள் பசை புகுந்தால்தான் பிடிப்பு. மின்விசிறியை நிறுத்துங்கள். வெயில் விழும் ஜன்னலுக்குத் திரை போடுங்கள்.

விரிப்பை மெல்ல இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் காற்றைத் தள்ளுங்கள். உடனே ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். சணல் முழுக்க நனைந்திருக்க வேண்டும். கோடு கோடாக மட்டும் நனைந்திருந்தால் பசை காய்ந்துவிட்டது என்று பொருள். வெட்கப்படாமல் சுரண்டிவிட்டு மறுபடி போடுங்கள். இப்போது உருளை: முதலில் அகலவாட்டில், பிறகு நீளவாட்டில். பசைக்கோடுகளின் முகட்டை நசுக்கிப் படலமாக்குவது அந்த 50 கிலோதான், கையால் அது நடக்காது. அரை மணி கழித்து இன்னொரு முறை உருட்டுங்கள்.

சூட்டறையில் கம்பியில் தொங்கிய இடம் சில சுருள்களின் முனையில் வளைவாகத் தெரியும். அந்த இடம் எழும்பிக்கொண்டே இருக்கும். கூடுதல் நீளம் இருந்தால் அதை வெட்டித் தள்ளுங்கள். இல்லையென்றால் மணல்மூட்டையோ செங்கலோ ஏற்றி இரவு முழுக்க விடுங்கள்.

இரண்டாவது விரிப்பை முதலாவதன்மேல் 2 செ.மீ. ஏறும்படி ஒட்டுங்கள். கீழ் விரிப்பின் ஓரத்தை ஒட்டி ஓடும் கோடுகீறி ஒன்று உண்டு, மேல் விரிப்பில் அதே கோட்டைக் கீறித் தரும். அந்தக் கீறலில் கொக்கிக் கத்தியை இழுங்கள். பக்கவாட்டு இணைப்பில் விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் இடைவெளி இருக்கட்டும். அகலத்தில் அது விரியும் என்று முன்பே சொன்னோமே. நெருக்கிப் பொருத்தினால் மறுநாள் காலை கூரை முகடு போல இணைப்பு நிமிர்ந்து நிற்கும். அறை நீளமாகி முனைக்கு முனை சேர்க்க நேர்ந்தால் அங்கே இதற்கு மாறாகச் சற்று இறுக்கமாக வெட்டுங்கள், நீளம் சுருங்கும். சுவரோரத்தில் 1 மி.மீ. விட்டுச் சீவினால் போதும், சுவரடியில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பலகை மூடிவிடும்.

இணைப்பை அடைப்பது அடுத்த நாள் வேலை. பசை இறுகுமுன் சூடு காட்டினால் ஓரம் பெயரும். இணைப்பின்மேல் 3.5 மி.மீ. அகலத்தில் பள்ளம் கீறி, ஆழம் சணலைத் தொடாமல் நிறுத்தி, சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் உருகுகம்பியை உட்செலுத்த வேண்டும். துப்பாக்கிக்குத் துப்பாக்கி சூடு மாறும். மிச்சத் துண்டில் நான்கைந்து முறை பழகிவிட்டு அறைக்கு வாருங்கள். கம்பியின் உபரியை இரண்டு தடவையாகச் சீவ வேண்டும். சூடாக இருக்கும்போது ஒரு தகட்டின் மேல் வைத்துப் பாதி, முழுக்க ஆறியபின் மீதி. ஒரே மூச்சில் தரைமட்டமாகச் சீவினால், ஆறும்போது கம்பி உள்வாங்கிக் குழியாகிவிடும், அந்தக் குழியில் அழுக்கு சேர்ந்து கறுப்புக்கோடு தெரியும்.

ஒருநாள் கழித்து நடக்கலாம். மேசை, பீரோ எல்லாம் மூன்று நாள் பொறுக்க வேண்டும். காலடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள்.

துடைப்பதில் ஒரே விதி: காரம் கூடாது. வாஷிங் சோடா, பிளீச்சிங் பவுடர், அம்மோனியா கலந்த தரைத் திரவங்கள் எல்லாம் விலக்கு. நடுநிலை பி.எச். உள்ள திரவத்தைத் தண்ணீரில் கலந்து, நன்றாகப் பிழிந்த மாப்பால் துடையுங்கள். வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவும் நம் வழக்கம் இங்கே செல்லாது. காரம் பட்ட தரை முதலில் பிசுபிசுக்கும், பிறகு நிறம் மங்கும், கடைசியில் மாவு மாதிரி உதிரும்.

மிச்சத் துண்டுக்கு வருவோம்

லினோலியத்திலேயே தொப்பி செய்ய முடியாதா என்ற ஆசை புதியவர்களுக்கு வரும். கணக்குப் பார்க்கலாம். 2.5 மி.மீ. விரிப்பு சதுர மீட்டருக்கு 3 கிலோவை நெருங்கும். தொப்பியின் விளிம்பு வளையம் மட்டுமே 480 சதுர செ.மீ. வரும், எடை 140 கிராம். அதுவும் வளைக்கும் இடத்தில் விரிசல் விடும். வேண்டாம். அலங்காரமாக 5 செ.மீ. இலை வடிவத் துண்டுகள் வெட்டி, ஓரம் தேய்த்து, துளையிட்டுத் தொப்பிப் பட்டியில் தைக்கலாம். ஒன்று 3 கிராம்தான், கனம் தெரியாது. ஆனால் இந்தப் பொருளின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அச்சில்தான். ஓவியர் நந்தலால் போஸ் 1930-இல் தண்டி யாத்திரைக் காந்தியைக் கறுப்பு வெளுப்பில் வெட்டியது லினோலியத்தில். மரத்தைப் போல ரேகை குறுக்கிடாததால் உளி எந்தத் திசைக்கும் திரும்பும், அதன் சுகம் அது.

முதலில் தலையை அளந்து அச்சின் அளவை முடிவு செய்யுங்கள், படம் அப்புறம். நெற்றிக்கு மேல் சுற்றளவு 56 செ.மீ. என்றால் தளர்வுக்கு 1 சேர்த்து 57. பக்கப்பட்டையைச் சுற்றி ஆறு முறை படம் வர வேண்டுமானால் 57-ஐ 6-ஆல் வகுக்க 9.5. அச்சுக்கட்டையின் அகலம் அதுவே. பட்டையின் உயரம் 9 செ.மீ., படத்தின் உயரம் 7. மேலும் கீழும் ஒரு செ.மீ. வெற்றிடம் தையலுக்குப் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

தரை விரிப்பின் மேல் ஆலையில் பூசிய மெல்லிய பாதுகாப்புப் பூச்சு மையை ஏற்காது. 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். பளிங்கு ரேகை கண்ணைக் குழப்பும் என்பதால் வெள்ளைப் போஸ்டர் வண்ணத்தை நீர்த்துப் பூசிக் காயவைத்து அதன்மேல் வரையுங்கள். இடம் வலம் மாறி அச்சாகும். பூவுக்குக் கவலையில்லை, எழுத்து இருந்தால் கண்ணாடியில் தெரிவது போல எழுதுங்கள். 'அ' எழுதி முதல் அச்சு எடுத்துப் பார்த்து அசடு வழிவது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும்.

வெட்டுமுன் துண்டைச் சூடாக்குங்கள். வெயிலில் பத்து நிமிடம், அல்லது வெந்நீர்ப் பையின் மேல். சூட்டில் எண்ணெய் இளகி உளி வெண்ணெயில் போவது போலப் போகும். ஆறினால் மறுபடி சூடாக்குங்கள். பல வருடம் கிடந்த துண்டு சூட்டுக்கும் இளகாமல் பொடியாக உதிர்ந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

'வி' வாய் உளியால் கோடுகள், 'யு' வாய் உளியால் வெற்றிடம். ஆழம் 1 முதல் 1.5 மி.மீ.; சணல் நூல் தெரிந்தால் ஆழம் மீறிவிட்டது. கோட்டின் இரு சரிவும் கீழே போகப் போக அகல வேண்டும், மலையின் அடிவாரம் மாதிரி. உளியைச் சாய்த்து அடியைக் குடைந்துவிட்டால் மேல்விளிம்பு தாங்கலின்றி அழுத்தத்தில் உடையும். வளைவில் உளியைத் திருப்பாதீர்கள், இன்னொரு கையால் துண்டைத் திருப்புங்கள். அந்தக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். கீழே முன்விளிம்பும் மேலே பின்விளிம்பும் சட்டம் அடித்த ஒரு பலகையை மேசையோரத்தில் மாட்டிக்கொண்டால் துண்டு நழுவாது. லினோ வெட்டில் ரத்தம் வருவதெல்லாம் நழுவும் துண்டால்தான்.

முடிந்ததும் முதுகை 18 மி.மீ. பிளைவுட் கட்டையில் மரப்பசையால் ஒட்டி, பாரம் ஏற்றி ஒரு இரவு வையுங்கள். சணல் பசையை நன்றாகக் குடிக்கும்.

துணிக்கு: 112 செ.மீ. அகலமுள்ள கனமான பருத்தி 60 செ.மீ., உள்துணிக்கு மெல்லிய பருத்தி 25 செ.மீ. துவைத்து, மிருதுவாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் காயவைத்து இஸ்திரி போடுங்கள். கஞ்சியும் மிருதுத் திரவமும் மையை ஒட்டவிடாது. தைக்குமுன் தட்டையாக இருக்கும்போதே அச்சிடுங்கள். தைத்த தொப்பியின் வளைவில் கட்டை உட்காராது.

வெட்டுக்கோடுகளைத் துணியில் பென்சிலால் வரையுங்கள். எல்லாவற்றுக்கும் தையல் விளிம்பு 1 செ.மீ.

உச்சி வட்டம்: 57-ஐ 3.14-ஆல் வகுக்க விட்டம் 18.1, விளிம்போடு 20.1. பக்கப்பட்டை: 59 நீளம், 11 உயரம். உள்துணியிலும் இவை இரண்டும் இதே அளவில் ஒவ்வொன்று. கீழ்விளிம்பு: தட்டையாக நீட்டி நின்றால் காற்றில் பறக்கும், கீழே சாய வேண்டும். தையல்கோட்டில் உள் ஆரம் 11, வெளி ஆரம் 17.5 உள்ள வளையம் வரையுங்கள். அதன் உட்சுற்று 69.1 செ.மீ., நமக்கு வேண்டியது 57. மிகுதி 12.1 செ.மீ.க்கு உரிய 63 டிகிரி ஆப்பை நீக்கி, வெட்டிய இரு ஓரத்தையும் தைத்து மூடினால் வளையம் சுமார் 34 டிகிரி கீழே சாயும். வெட்டும்போது எல்லா ஓரத்திலும் விளிம்பு 1 செ.மீ. வெளியே விடுங்கள், உட்சுற்றில் மட்டும் அது உள்நோக்கி வரும். இப்படி இரண்டு வளையம்.

அச்சு மேசையில் பழைய போர்வையை இரண்டு மூன்று மடிப்பாக விரித்து, மேலே வேட்டித் துணியை இழுத்துக் குத்துங்கள். கடினமான பலகைமேல் அச்சிட்டால் நடுவில் மை விழாது. துணி அச்சு மையைக் கண்ணாடித் தகட்டில் மை உருளையால் பரப்புங்கள். உருளை ஓடும்போது மெல்லிய பிசுபிசுப்புச் சத்தம் கேட்டால் அளவு சரி. சளப்சளப் என்றால் மை கூடிவிட்டது, நுண்ணிய கோடுகள் நிரம்பிவிடும். கட்டையில் மை ஏற்றி, நேராக வைத்து, உடல் எடையை ஊன்றி, ரப்பர் சுத்தியலால் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டி, நேராகவே தூக்குங்கள். முதல் இரண்டு மூன்று அச்சு மங்கலாகத்தான் வரும். லினோலியம் மையைக் குடித்து நிறையும்வரை வேறு துணியில் போடுங்கள். பக்கப்பட்டையில் விளிம்பு விட்டு 1 செ.மீ. உள்ளே தொடங்கினால் ஆறு அச்சு கச்சிதமாக முடியும். கீழ்விளிம்பில் படத்தின் அடிப்பகுதி எப்போதும் வட்ட மையத்தைப் பார்க்கட்டும்.

மறுநாள், காய்ந்தபின் மேலே ஒரு துணி போட்டு, நீராவி இல்லாமல், பருத்திச் சூட்டில் ஒவ்வொரு இடத்தையும் 3 முதல் 5 நிமிடம் இஸ்திரி செய்யுங்கள். மை டப்பாவில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுவே சட்டம்.

தையல் சுருக்கமாக: உச்சியையும் பட்டையையும் நான்காகப் பகுத்துக் குறியிட்டு, குறிக்குக் குறி ஊசி குத்தித் தையுங்கள். உள்துணியையும் அதேபோல் தனியாகத் தைத்துக்கொள்ளுங்கள். கீழ்விளிம்பு வளையம் இரண்டில் ஒன்றுக்கு ஒட்டுக்கேன்வாஸ் இஸ்திரியால் ஒட்டி, இரண்டையும் வெளிவிளிம்பில் சேர்த்து, புரட்டி, 8 மி.மீ. இடைவெளியில் வட்ட வட்டமாக ஏழெட்டுத் தையல் ஓட்டுங்கள். அந்தத் தையல்தான் விளிம்பை நிமிர்த்தி வைக்கும். உட்சுற்றின் விளிம்பில் 1 செ.மீ.க்கு ஒன்றாகக் கத்தரிக் கீறல் போட்டுப் பட்டையோடு இணைத்து, உள்துணியைக் கைத்தையலால் மூடுங்கள். கீறல் போடாமல் இழுத்துத் தைத்தால் நெற்றிமேல் சுருக்கம் விழும்.

ஒரு வாரம் துவைக்காதீர்கள். அச்சுக்கட்டையை ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் ஊறப்போட்டால் சணல் உப்பிக் கட்டையிலிருந்து பெயர்ந்துவிடும். தரைத் திரவத்துக்குச் சொன்ன காரத் தடை இதற்கும் உண்டு. வெளிச்சமில்லாத அலமாரியில் வைத்தால் மஞ்சளாகும், ஆகட்டும், அச்சுக்கு அது தெரியாது.